வேலையிடத்தில் கோபத்தை அடக்க வேண்டியவர் யார்?

அரச அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஹோட்டல்களிலும் 'உணர்வு முகாமைத்துவம்', 'உணர்ச்சி நுண்ணறிவு' என்ற தலைப்புகளில் பயிற்சிப் பட்டறை வைப்பது வழக்கமாகிவிட்டது. திருகோணமலையும் இதற்கு விலக்கல்ல. வகுப்பு முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. கோபம் வந்தால் விழுங்கிக்கொள் என்கிறார்களா? விழுங்குவது உடம்புக்குக் கூடாது என்றும் அதே வகுப்பில் சொல்கிறார்களே? சிரித்த முகம் நல்ல குணமா, சம்பளத்துக்குச் செய்யும் வேலையா? மேலதிகாரி மேசையில் தட்டிக் கத்தும்போது அவரை ஏன் யாரும் வகுப்புக்கு அனுப்புவதில்லை?

கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் விளங்கும். கோபத்தைக் காப்பது பற்றி மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாவது பேசி வந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சில் கனமான பகுதி அதிகாரம் உள்ளவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. இன்றைய வேலையிடத்தில் அதே பேச்சு கவுண்டரில் இருப்பவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## உணர்ச்சி எப்படி உண்டாகிறது

உளவியலில் ஓர் உணர்ச்சியைப் படிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

1. ஏதோ ஒன்று நடக்கிறது. மருந்து வாங்க வந்தவர் கவுண்டரில் இருப்பவரைப் பார்த்து, "நீங்களெல்லாம் எதுக்குச் சம்பளம் எடுக்கிறீங்கள்?" என்கிறார்.
2. மனம் அதை எடைபோடுகிறது. இது அவமதிப்பா? விடியற்காலை மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து மணிக்கணக்காக நின்ற களைப்பா?
3. உடம்பு மாறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது, கை நடுங்குகிறது.
4. அது வெளியே தெரிகிறது, அல்லது மறைக்கப்படுகிறது.

இந்தப் படிகளில் எது முந்தியது என்பதில் அறிஞர்களுக்கிடையே நீண்ட வழக்கு உண்டு. உடம்பின் மாற்றத்தை நாம் உணர்வதுதான் உணர்ச்சி என்று 1884இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். அடிப்படை உணர்ச்சிகளின் முகபாவம் உலகெங்கும் ஒன்றே என்று போல் எக்மன் வாதிட்டார். இல்லை, பழகிய பண்பாட்டையும் அனுபவத்தையும் வைத்து மூளை அவ்வப்போது கட்டிக்கொள்வதே உணர்ச்சி என்கிறார் லீசா ஃபெல்ட்மன் பரெட். இது தீரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது முதற்படி.

முதற்படியை விடாமல் பிடித்தவர் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களை வைக்கிறார். அவர் சொல்ல வந்தது செய்யுளைப் பற்றித்தான், ஆனால் அந்தப் பட்டியல் இன்றைக்கும் பயன்படும். வெகுளிக்குக் காரணம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: உறுப்பைச் சிதைப்பது, தன்னைச் சார்ந்தவரை நலிவது, அடித்தும் வைதும் அலைப்பது, கொல்வது. நான்குமே பிறர் செய்யும் கேடு. அழுகைக்குக் காரணங்களாக இழப்போடு இகழ்ச்சியையும் வறுமையையும் வைக்கிறார். ஒருவர் கோபப்படுகிறார் என்றால், அவருக்கு என்ன செய்யப்பட்டது என்ற கேள்வி அங்கே கூடவே வந்துவிடுகிறது.

பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியிலிருந்து தொடங்குகின்றன. மூச்சை இழுத்து விடு, பத்துவரை எண்ணு, வேறு விதமாக யோசி. முதற்படி, அதாவது நடந்தது என்ன என்பது, வகுப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

## உணர்ச்சி உழைப்பு என்றால் என்ன

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட் 1983இல் வெளியிட்ட ஆய்வில்தான் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்து பரவலாக அறியப்பட்டது. டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களையும், கடன் பாக்கியை அறவிடும் ஊழியர்களையும் அவர் அருகிருந்து பார்த்தார். முதலாமவர் பயணியின் மனதைக் குளிர வைக்க வேண்டும். இரண்டாமவர் கடன்காரரின் மனதைக் கலங்க வைக்க வேண்டும். இருவரும் தம் உணர்ச்சியைச் சம்பளத்துக்காக வளைக்கிறார்கள். அவர் பயன்படுத்திய மூன்று கருத்துகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. உணர்ச்சி விதிகள். எந்த இடத்தில் எதை, எவ்வளவு உணர வேண்டும் என்று எழுதாமல் இருக்கும் சட்டம். செத்தவீட்டில் சிரிக்கக் கூடாது, கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கக் கூடாது. வேலையிடத்தில் இந்த விதியை நிறுவனம் எழுதுகிறது.
2. மேல்நடிப்பு. உள்ளே எரிச்சல் இருக்க, முகத்தில் மட்டும் புன்னகை.
3. உள்நடிப்பு. தேவையான உணர்ச்சியை உள்ளேயே வரவழைத்துக்கொள்வது. கத்தும் பயணியைக் குழந்தையாக நினைத்துக்கொள் என்று பணிப்பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

திருகோணமலையில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையை அடிக்கும் மாதங்களில்தான் இங்கே கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு அதுதான் சீசன். வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளை காலையிலிருந்து இரவுவரை சிரிக்க வேண்டும். ஒரு விருந்தினர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால் அது அந்தப் பிள்ளையின் பெயரில் விழும், ஏசி வேலை செய்யாததற்கு அவர் காரணமாக இல்லாவிட்டாலும். ஆஸ்பத்திரித் தாதிக்கு வேண்டியது சிரிப்பல்ல, நிதானம். ஒரு கட்டிலில் மரணம், அடுத்த கட்டிலில் ஊசிக்கு அழும் குழந்தை, இரண்டுக்கும் நடுவில் அவர் முகம் மாறாமல் நடக்க வேண்டும்.

ஹொக்ஷைல்ட் பார்த்த கடன் அறவிடுவோரும் நம்மிடம் உண்டு. லீசிங் கம்பனிகளுக்கும் நுண்கடன் நிறுவனங்களுக்கும் வேலை செய்து, வாரத்தவணைக்காக வீடு வீடாகப் போகும் இளைஞர்களைத்தான் சொல்கிறேன். வாசலில் நிற்பது தன் தாயின் வயதுள்ள ஒரு பெண் என்றாலும் குரலைக் கடுமையாக்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால் மாலையில் இவருக்கே ஏச்சு. நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது, அது பேசப்பட வேண்டியதே. இரக்கத்தை மறக்கும்படி பழக்கப்படும் அந்த இளைஞருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

## அடக்கினால் என்ன ஆகும்

வகுப்பில் கேட்டது முரணாகத் தோன்றுவதற்குக் காரணம், 'அடக்குதல்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வேறு செயல்கள் இருப்பது. உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸ் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள் இவற்றைப் பிரித்துக் காட்டின.

ஒன்று, உணர்ச்சி வந்த பிறகு அதை முகத்தில் காட்டாமல் அமுக்குவது. வெளியே தெரியாது, ஆனால் உள்ளே அந்தக் கசப்புக் குறைவதில்லை. இதயமும் இரத்தக் குழாய்களும் கூடுதலாக வேலை செய்கின்றன. அத்தோடு அந்த நேரத்தில் சொல்லப்பட்டவற்றை நினைவில் வைப்பதும் குறைகிறது. இந்தக் கடைசி விஷயம் அலுவலகத் தலைவர்களின் கவனத்துக்கு உரியது. நோயாளியின் உறவினர் கத்துகிறார், தாதி முகத்தை அசைக்காமல் நிற்கிறார். கத்தலுக்கு நடுவே "அவருக்குப் பென்சிலின் ஒத்துவராது" என்று ஒரு சொல் வந்திருந்தால், அது தாதியின் மனதில் பதியாமல் போகக்கூடும்.

மற்றது, உணர்ச்சி முற்றுவதற்கு முன் நடந்ததையே வேறு விதமாகப் பார்ப்பது. "இவர் என்னை ஏசவில்லை, பயத்தில் கத்துகிறார்." இதில் உடம்புக்குச் செலவு குறைவு. மனதுக்கும் நல்லது.

அப்போ எல்லாரும் இரண்டாவதைப் பழகினால் போதுமே? போதாது. பார்வையை மாற்றுவது பயன்படுவது, முதலில் பார்த்த பார்வை தவறாக இருக்கும்போதுதான். ஒருவர் உண்மையிலேயே அநியாயமாக நடத்தப்படுகிறார் என்றால், அதை வேறு விதமாகப் பார்க்கச் சொல்வது அநியாயத்தை ஏற்கச் சொல்வது. கூடுதல் நேர வேலைக்குக் காசு கொடுக்காத இடத்தில் "நன்றியோடு இருக்கப் பழகு" என்று வகுப்பெடுப்பது ஒருபோதும் உளவியலாகாது.

நாள் கணக்காக, ஆண்டுக் கணக்காக மேல்நடிப்புச் செய்கிறவர்களிடம் களைப்பும் வேலை வெறுப்பும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நிலையை 'எரிந்து தீர்தல்' என்று 1974இல் உளவியலாளர் ஃப்ரொய்டன்பேர்கர் விவரித்தார். அதை அளக்கும் முறையைப் பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் உருவாக்கினார். அதன் மூன்று குறிகள்: தீராத களைப்பு; எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் ஃபைலாகத் தெரிவது; நான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வரும் தொழில்சார் நிலை என்றே சொன்னது. இந்த வேறுபாடு சிறியதல்ல. நோய் என்றால் ஊழியரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம். வேலையிட நிலை என்றால் வேலையிடம் பதில் சொல்ல வேண்டும்.

## பழைய அறிவுரை யாருக்குச் சொல்லப்பட்டது

வகுப்புகளில் திருக்குறள் தவறாமல் வரும். "தன்னைத்தான் காக்கின் சினங்காக்க" என்பதைப் பலகையில் எழுதுவார்கள். அது வரும் 'வெகுளாமை' என்ற அதிகாரத்தின் முதற் குறளை எழுதுவது குறைவு:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

தன் கோபம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில் பலிக்காத இடத்துச் சினம் தீது, பலிக்கும் இடத்தில் அதைவிடத் தீயது வேறில்லை என்று சேர்க்கிறார். கோபம் பலிக்கும் இடம் என்றால் எளியவர் முன்னால். அலுவலகத்தில் அந்த இடத்தில் நிற்பவர் முகாமையாளர். வெகுளாமை அதிகாரத்தின் முதற் பரீட்சை அவருக்குத்தான்.

ரோமாபுரியிலும் இப்படித்தான். கோபத்தைப் பற்றி மூன்று பாகமாக எழுதிய செனெக்கா, ஒரு விருந்தில் நடந்ததைச் சொல்கிறார். வேடியஸ் பொல்லியோ என்ற செல்வந்தனின் வீட்டில் ஓர் அடிமை பளிங்குக் கிண்ணத்தை உடைத்துவிடுகிறான். அவனைக் குளத்து மீனுக்கு இரையாகப் போடச் சொல்கிறான் பொல்லியோ. விருந்துக்கு வந்திருந்த பேரரசர் ஒகஸ்டஸ் அடிமையை விடுவித்து, வீட்டிலிருந்த பளிங்குக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் உடைக்கச் செய்து, குளத்தையும் தூர்க்கச் சொன்னார். அங்கே அடக்கம் கேட்கப்பட்டது வீட்டுக்காரனிடம். கிண்ணத்தை உடைத்தவனிடம் யாரும் 'உணர்வு முகாமைத்துவம்' கேட்கவில்லை.

எளியவரின் கோபத்துக்கு என்ன இடம்? இதற்குக் கிழக்கு மாகாணத்தில் ஒரு பதில் இருக்கிறது. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடுவார்கள், முடிவில் குளிர்த்தி. கணவனை அநியாயமாக இழந்த பெண் அரசவையில் வழக்குரைக்கிறாள், அரசன் தன் தவறை ஒப்புக்கொண்டு உயிர்விடுகிறான், அவள் கோபத்தில் மதுரை எரிகிறது. ஊர் கூடி அந்தக் கோபத்தைக் குளிர்விக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வரிசையை. முதலில் வழக்கு முழுவதும் பாடிக் கேட்கப்படுகிறது, பிறகுதான் குளிர்த்தி. 'நீ முதலில் அமைதியாக இரு, பிறகு பேசலாம்' என்று அம்மனிடம் யாரும் சொல்வதில்லை.

உணர்ச்சி பெருகுவதே தகுதி என்று கொண்ட மரபும் நம்முடையது. கோணமாமலை அமர்ந்தாரைப் பாடிய சம்பந்தர்தான் "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்றும் பாடினார். கோணேசர் கோயிலில் கண்ணீர் பக்தி. அதே கண்ணீர் திங்கட்கிழமை அலுவலகத்தில் பலவீனம்.

சமூகத்துக்குச் சமூகம் இது மாறுவதை மானிடவியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். கனடாவின் வடதுருவப் பகுதியில் ஓர் இனுயிட் குழுவோடு 1960களில் வாழ்ந்தவர் ஜீன் பிரிக்ஸ். அங்கே வளர்ந்தவர் கோபப்படுவது சிறுபிள்ளைத்தனம். மீன்பிடிக்க வந்த வெளியார் அந்த மக்களின் படகு ஒன்றை உடைத்துவிட்டு மற்றதையும் கேட்டபோது, மக்களின் பக்கம் நின்றே பிரிக்ஸ் கோபமாகப் பேசினார். அந்த மக்களே அவரை மாதக்கணக்காக ஒதுக்கி வைத்தார்கள். பசிபிக்கின் இஃபலுக் தீவிலோ, நெறி மீறப்பட்டதைக் கண்டு வரும் நியாயமான கோபம் மதிப்புக்குரியது என்று கெத்தரின் லட்ஸ் எழுதினார். அந்தக் கோபமும் பெரும்பாலும் மேலிருந்து கீழே பாய்வது என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

நவீன அலுவலகத்தின் விதியைத் தெளிவாகச் சொன்னவர் ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வேபர். நல்ல அதிகாரி வெறுப்பும் விருப்பும் இன்றிக் கடமை செய்வார் என்பது அவர் வரைந்த இலட்சணம். கச்சேரியில் இனம், சாதி, சொந்தம் பாராமல் ஒரே மாதிரி நடத்தப்படுவது இந்த விதியின் நன்மை, பல இன மக்கள் வாழும் நம் மாவட்டத்தில் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உணர்ச்சியில்லாத முகம் எதிரே நிற்பவருக்கு அலட்சியமாகத் தெரிகிறது. பிறகு 1990இல் சலோவே, மேயர் இருவரும் 'உணர்ச்சி நுண்ணறிவு' பற்றி எழுத, 1995இல் டானியல் கோல்மன் அதை உலகம் முழுக்கப் பரப்பினார். அடக்கம் ஒரு திறனாக, சான்றிதழ் தரும் பாடமாக மாறியது அதன் பிறகுதான்.

## கோபம் கீழே இறங்கும் பாதை

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. அதற்குக் காரணமான முடிவுகளை எடுத்தவர்கள் யாரும் பெற்றோல் ஷெட்டில் நிற்கவில்லை. அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நாட்கூலிக்கு வந்த ஒரு தம்பி. இரவிரவாக லைனில் கிடந்தவர்களின் ஏச்சு முழுவதும் அவர்மீது இறங்கியது. ஏசியவர்கள் கெட்டவர்களல்ல. அவர்களுடைய கோபம் நியாயமானது, ஆனால் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு.

எந்தக் கவுண்டரிலும் நடப்பது இதுவே. அதோடு இன்னும் இரண்டு சேரும்.

மொழி. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இல் அரசியலமைப்பில் வந்துவிட்டது. நடைமுறையில், சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது பல இடங்களில் ஒரு சிற்றூழியர். அது அவருடைய வேலைப் பட்டியலில் இருக்காது, அதற்குச் சம்பளமும் இல்லை. டொக்டரின் அவசரம் ஒரு பக்கத்திலிருந்தும் நோயாளியின் பயம் மறுபக்கத்திலிருந்தும் அவர்மேல் விழுகிறது. விளங்காத மொழியில் எழுதிய படிவத்தோடு நிற்பவரின் குரல் உயர்வதை வெறும் 'கோபக்காரர்' என்று வாசிப்பது தவறு. அதே நிலை சிங்களம் மட்டும் தெரிந்து தமிழ் அலுவலரின் முன் நிற்பவருக்கும் பொருந்தும்.

பெண். வேலையிடத்தில் கோபப்படும் ஆணுக்கு மதிப்புக் கூடுவதையும், அதே கோபத்தைக் காட்டும் பெண்ணுக்கு மதிப்புக் குறைவதையும் பிரெஸ்கோல், ஊல்மன் ஆகியோரின் 2008 ஆய்வு காட்டியது. ஆணுடைய கோபத்துக்குக் காரணம் வெளியே தேடப்பட்டது. பெண்ணுடையதற்குக் காரணம் அவளுடைய குணம் என்று கொள்ளப்பட்டது. "சேர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்", "மிஸ்ஸுக்கு வாய் கூட" என்ற இரண்டு பேச்சையும் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

## அலுவலகம் செய்யக்கூடியவை

1. வகுப்பை மேலிருந்து தொடங்குவது. முகாமையாளரும் பகுதித் தலைவரும் முதலில் உட்காரட்டும். ஊழியரைப் பொதுமக்கள் முன்னால் ஏசுவதில்லை என்ற ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலும் பெரிய மாற்றம் தெரியும்.

2. கோபத்தைத் தகவலாக எடுப்பது. ஒரே கவுண்டரில் ஒரே வேளையில் தினமும் சண்டை வருகிறது என்றால் கோளாறு அந்த ஊழியரின் குணத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. இலக்கம் கொடுக்கும் முறை, படிவத்தின் மொழி, உட்கார இடமில்லாமை இவற்றைப் பார்க்க வேண்டும்.

3. கவுண்டரில் இருப்பவருக்கு ஓர் எல்லை கொடுப்பது. எந்த அளவு ஏச்சுக்குப் பிறகு அவர் எழுந்து மேலதிகாரியைக் கூப்பிடலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசத் தொழில் அமைப்பின் 190ஆம் இலக்கச் சமவாயம், 2019இல் நிறைவேறியது, வாடிக்கையாளர் போன்ற வெளியாரால் நடக்கும் துன்புறுத்தலையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்ற சுவரொட்டி இதற்கு நேர் எதிர்.

4. சுழற்சியும் ஓய்வும். மரணம் நடந்த வார்டில் வேலை செய்தவருக்குப் பத்து நிமிடம் தனியாக இருக்க ஓர் அறை, முறைப்பாட்டுக் கவுண்டரில் நாள் முழுக்க ஒருவரையே விடாமை. செலவு அதிகமில்லாதவை இவை. ஊழியர்கள் தங்களுக்குள் அலுத்துக்கொள்ளும் தேநீர் நேரத்தையும் வீண்பேச்சு என்று வெட்ட வேண்டாம்; நடித்த முகத்தைக் கழற்றி வைக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான்.

5. மொழிபெயர்ப்பை வேலையாக அங்கீகரித்து அதற்கு ஆளும் கொடுப்பனவும் ஒதுக்குவது.

6. தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக நினைத்தாலே உடம்பு மறுத்து, வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போகும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால் மேலே சொன்னவை போதா. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவை இரவு பகலாக இயங்குகிறது. மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேட்டும் போகலாம். அப்படிப் போனவரின் விடுமுறைக் கடிதத்தில் காரணத்தைத் துருவாமல் ஒப்பமிடுவதும், திரும்பி வந்தவரை உடனே அதே கவுண்டரில் இருத்தாமல் விடுவதும் மேலதிகாரியின் கையில் உள்ளவை.